சொட்டும் ஏசி, பூக்கும் சுவர்

கோடையில் தொடங்கி மழைக்காலத்தில் வெளிப்படும் ஒரு வீட்டுத் தொல்லையும் அதன் நிவாரணமும்

அக்கினி நட்சத்திரம் முடிய இன்னும் ஐந்து நாள் பாக்கியிருந்த ஓர் இரவு. வெளியே வேப்பமரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. நங்கநல்லூரில் இரண்டாவது மாடியிலுள்ள எங்கள் வீட்டில், ஜன்னலையும் கதவையும் இறுக அடைத்துவிட்டு, கத்திரி வெயிலில் கம்பளி போர்த்திக்கொள்ளும் இக்காலத்து வேடிக்கைக்கு நாங்களும் விலக்கல்ல என்னும்படி 20 டிகிரிக் குளிரில் அயர்ந்திருந்த சமயத்தில், கனவிலே யாரோ நிதானமாகத் தாளம் போடுவதுபோல ‘டக்’ என்றொரு சப்தம் கேட்டது. சிறிது நேரங்கழித்து இன்னொரு ‘டக்’. அதன்பின் விட்டுவிட்டு, விடாமல்.

எழுந்து விளக்கைப் போட்டேன். ஏசியின் இடது ஓரத்தில் ஒரு நீர்முத்து திரண்டு, கனத்து, கீழே மேஜைமேலிருந்த எங்கள் கல்யாண ஆல்பத்தின் அட்டையில் விழுந்துகொண்டிருந்தது. மனைவி சமையலறையிலிருந்து ஓர் எவர்சில்வர் பாத்திரத்தைக் கொண்டுவந்து வைத்தாள். ‘டக்’ என்பது ‘டங்’ என்று மாறியது. அடுத்த அறையிலிருந்து அம்மா, “என்னடா, மழையா பெய்யுது?” என்று கேட்டார். விடிந்தபோது பாத்திரத்தில் முக்கால்வாசி தண்ணீர் இருந்தது.

இது சென்ற வருஷத்துக் கதை. இவ்வருஷம் கோடை பிறந்ததும் எங்கள் பத்திரிகைக் காரியாலயத்தில் பேச்சுவாக்கில் இதைச் சொன்னதுதான் தாமதம், ஆளுக்கொரு கதை கிளம்பிற்று. ஒருவர் வீட்டில் ஜிப்சம் பொய்க்கூரை ஊறிப்போய் ஒரு பலகை அப்படியே கட்டில்மேல் இறங்கியிருக்கிறது. இன்னொருவருக்கும் மேல்வீட்டுக்காரருக்கும் ஏசித் தண்ணீரை முன்னிட்டு ஒன்பது மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை. மூன்றாமவருடைய குழந்தைக்கு விடாத தும்மல். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ஆசிரியர், “நீரே எழுதிவிடும்” என்று உத்தரவிட்டார். மெக்கானிக்குகள், பெயிண்டர், டாக்டர், குடியிருப்புச் சங்கத்துச் செயலாளர் என்று பலரையும் கண்டு பேசிய பிறகு எனக்கு ஏற்பட்ட அபிப்பிராயம் இது: ஏசி தண்ணீர் விடுவது அதன் கோளாறு அல்ல, அதன் தொழில், அந்தத் தண்ணீர் போகிற வழியைப் பற்றி நாம் யோசிக்காததும், சொட்டு நின்றவுடன் விஷயம் தீர்ந்தது என்று எண்ணிக்கொள்வதுமே கோளாறு.

அச்சகத்தில் பிறந்த யந்திரம்

மனிதர்களைக் குளிர்விப்பதற்காக இந்த யந்திரம் பிறக்கவில்லை என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். 1902-ஆம் ஆண்டில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியிலிருந்த ஓர் அச்சகத்தில், கோடைக் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் காகிதம் விரிவதும், காற்று உலர்ந்தால் அது சுருங்குவதுமாக இருந்தமையால், ஒரு வண்ணத்தின்மேல் மறு வண்ணம் சரியாக உட்காராமல் படங்கள் பாழாயின. அதற்குப் பரிகாரம் தேடிய வில்லிஸ் காரியர் என்னும் இளம் என்ஜினீயர், குளிர்ந்த குழாய்ச் சுருளின்மேல் காற்றைச் செலுத்தி அதன் ஈரத்தைப் பிழிந்தெடுக்கும் ஏற்பாட்டை வகுத்தார். குளிர்ச்சி அதன் உபபலன்தான். நம் சிவகாசியில் அச்சுத்தொழில் செழித்ததற்கு அவ்வூரின் வறண்ட சீதோஷ்ணமும் ஒரு காரணமென்று சொல்வார்கள். இயற்கை சிவகாசிக்கு இலவசமாகக் கொடுத்ததைப் புரூக்ளினில் யந்திரம் வைத்துச் சம்பாதிக்க வேண்டியிருந்தது.

ஐஸ் போட்ட நன்னாரி சர்பத்தை மேஜைமேல் வைத்தால் டம்ளரின் வெளிப்புறம் வியர்க்கிறதல்லவா? ஏசிக்குள் நடப்பதும் அதுவே. வெப்பக்காற்று எவ்வளவு ஈரத்தைத் தாங்குமோ அவ்வளவைக் குளிர்க்காற்று தாங்காது. ஆகவே சுருளைத் தொட்டுக் குளிரும் காற்று, தன்னால் சுமக்க முடியாத ஈரத்தை ஜலமாக அங்கேயே இறக்கிவைத்துவிட்டுப் போகிறது. அந்த ஜலம் சுருளின் கீழுள்ள ட்ரேயில் சேர்ந்து, ட்ரெயின் பைப் வழியாக வெளியே போகவேண்டும். சாதாரண ஸ்பிலிட் ஏசியில் இதற்கென்று பம்பு எதுவும் கிடையாது. பள்ளத்தை நோக்கிப் பாயும் தண்ணீரின் சுபாவம் ஒன்றையே நம்பி அந்த ஏற்பாடு நடக்கிறது. சென்னையின் புழுக்கமான இரவில் ஒன்றரை டன் ஏசி ஒன்று மணிக்கு ஒரு லிட்டர், சில சமயம் அதற்கு மேலும், தண்ணீரை இறக்கும். விடிய விடிய ஓடினால் ஒரு குடம் நிறைந்துவிடும்.

> பெட்டிச் செய்தி: ‘டன்’ என்பது எதன் எடை?
>
> ‘ஒன்றரை டன் ஏசி’ என்றால் அந்தப் பெட்டியின் எடை என்று எண்ணிச் சுவர் தாங்குமா என்று கவலைப்பட்டவர்கள் உண்டு. 2,000 பவுண்டு, அதாவது சுமார் 907 கிலோ பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு உஷ்ணத்தைக் கவர்ந்துகொள்ளுமோ, அதுவே ஒரு ‘டன்’ குளிர்ச்சி. யந்திரங்களுக்கு முந்திய காலத்தில் குளிர்ச்சி என்றால் பனிக்கட்டிதான். அமெரிக்காவின் ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை வெட்டி, மரத்தூளில் பொதிந்து, கப்பலேற்றிச் சென்னைக்கு அனுப்பினார் பிரெடெரிக் டியூடர் என்னும் பாஸ்டன் வியாபாரி. அதைச் சேமித்துவைக்க 1842-இல் கடற்கரையில் எழுந்த கட்டடமே ஐஸ் ஹவுஸ். 1897-இல் சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கியதன் நினைவாக, இன்று அது விவேகானந்தர் இல்லம்.

“மெஷின்ல ஒண்ணும் இல்லீங்க சார்”

முதலில் வந்த மெக்கானிக், மூடியைக்கூட முழுதாகக் கழற்றவில்லை. “கேஸ் இல்லை சார்” என்றார். இந்த மூன்று சொற்களைக் கேளாத தமிழ்நாட்டுக் குடும்பம் அபூர்வம். கேஸ் நிரப்பப்பட்டது, பணம் கொடுக்கப்பட்டது, நாலாம் நாள் அதே இடத்தில் அதே ‘டக்’.

இங்கே வாசகர்கள் ஒரு விஷயத்தை நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஏசியிலுள்ள கேஸ், மோட்டார் வண்டிக்குப் பெட்ரோல்போலச் செலவாகித் தீர்ந்துபோகும் வஸ்து அன்று. மூடிய குழாய்களுக்குள் அது சுற்றிச் சுற்றி வருவது. குறைந்திருக்கிறதென்றால் எங்கேயோ கசிகிறதென்று அர்த்தம். கசிவைக் கண்டுபிடித்து அடைக்காமல் மறுபடி நிரப்புவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் மொள்வதுதான். கேஸ் குறைந்தாலும் தண்ணீர் சொட்டும், உண்மையே: சுருள் அளவுக்கு மீறிக் குளிர்ந்து அதன்மேல் பனி படிந்து, பிறகு அது உருகும்போது ட்ரேயைத் தாண்டி ஒழுகும். ஆனால் அப்போது அறையும் குளிராது. அறை ஜில்லென்று குளிர்ந்துகொண்டே சொட்டும் விழுகிறதென்றால், பெரும்பாலும் கேஸின்மேல் பழியில்லை. பில்டரில் தூசி அடைந்து காற்றோட்டம் குன்றினாலும் இதே போலப் பனி படியும் என்பதையும், அதைக் கழுவ மெக்கானிக் தேவையில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாவதாக வந்தவர் வயதானவர். பையிலிருந்து கருவிகளை எடுப்பதற்கு முன், “ஒரு சொம்பு தண்ணி குடுங்க” என்றார். குடிக்கத்தான் கேட்கிறாரென்று மனைவி பானைத் தண்ணீரைக் கொண்டுவந்து கொடுக்க, அவர் சிரித்துக்கொண்டே சுவிட்சை அணைத்து, எம்.சி.பி.யையும் இறக்கிவிட்டு, மூடியைக் கழற்றி, அந்த ஜலத்தை ட்ரேயின் ஓரத்தில் மெல்ல மெல்ல ஊற்றினார். என்னைப் பால்கனிக்குப் போகச் சொன்னார். குழாயின் நுனியில் நான் காத்திருந்தேன். ஒரு சொட்டும் வரவில்லை.

“மெஷின்ல ஒண்ணும் இல்லீங்க சார். தண்ணிக்குப் போக வழி இல்ல” என்றார்.

பால்கனியில், ஏசித் தண்ணீரை வீணாக்கலாகாது என்ற நல்லெண்ணத்தில் நாங்கள் வைத்திருந்த வாளி நிறைந்திருந்தது. குழாயின் நுனி அந்தத் தண்ணீருக்குள் முக்கால் அடி முழுகியிருந்தது. குழாய்க்குள் அகப்பட்ட காற்று வெளியேற முடியாமல் எதிர்த்து நிற்க, தண்ணீர் வந்த வழியே தேங்கியிருக்கிறது. போதாக்குறைக்கு, குழாயின் நடுவிலே கெட்டித் தயிர்போல ஒரு கொழகொழப்பு. அதை அவர் காற்றடித்துத் தள்ளியபோது விரல் நீளத்துக்கு வழுவழுவென்று சாம்பல் நிறத்தில் வந்து விழுந்தது. தூசியும் ஈரமும் இருட்டும் சேருமிடத்தில் நுண்ணுயிர்கள் தாமே கட்டிக்கொள்ளும் மாளிகை அது. நுனியை வெட்டி வாளியின் விளிம்புக்கு மேலே தொங்கவிட்டார், இரண்டு சொம்பு வெதுவெதுப்பான நீரை ஊற்றினார், காரியம் முடிந்தது. கூலியாக அவர் கேட்டது முந்தியவர் வாங்கியதில் ஆறில் ஒரு பங்கு.

பிற வீடுகளில் கண்ட காரணங்களும் வழியைப் பற்றியவையே. இன்டோர் யூனிட்டைப் பொருத்தும்போது ட்ரெயின் உள்ள பக்கம் ஒரு நூல் உயர்ந்துவிட்டால் தண்ணீர் எதிர்ப்பக்கம் வழியும். குழாய் மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது சரியவேண்டும். நடுவில் தொய்ந்து மறுபடி ஏறினால் அந்தத் தொய்வில் அழுக்குத் தங்கும். காப்பர் பைப்பைச் சுற்றியுள்ள கறுப்பு நுரை உறை கிழிந்தால் அந்த இடம் வியர்த்து ஒழுகும், அதை ஏசி லீக் என்று நினைத்து ஏசியைக் குடைவார்கள். புதிய அடுக்குமாடிகளில் ட்ரெயின் பைப்பைச் சுவருக்குள் புதைத்துவிடுவது நாகரிகமாகியிருக்கிறது; உறையில்லாமல் புதைத்த குழாயில் குளிர்ந்த நீர் ஓட ஓட, அதன் பாதை முழுதும் சுவரில் சாய்வான ஈரக்கோடாகப் பிரத்தியட்சமாய்த் தெரிவதை வேளச்சேரியில் ஒரு வீட்டில் பார்த்தேன். பெயிண்டுக்கு அடியில் யாரோ நீர் தொட்டுக் கோடு கிழித்ததுபோல இருந்தது. அதைச் சரிசெய்யச் சுவரை உடைப்பதைத் தவிர வேறு உபாயமில்லை.

> பெட்டிச் செய்தி: ஆள் வரும்வரையில்
>
> ரிமோட்டில் அணைத்தால் போதாது, எம்.சி.பி.யையும் இறக்குங்கள். இன்டோர் யூனிட்டுக்குள் மின்கம்பிகளும் சர்க்யூட் அட்டையும் இருக்கின்றன. கீழே பிளக் பாயிண்ட் இருந்தால் அதையும் தொடாதீர்கள். எங்கே சொட்டுகிறது என்பதைப் படமெடுத்து வையுங்கள். மெக்கானிக் வரும் நேரத்தில் சொட்டு நின்றுவிடுவது ஏசிகளின் சம்பிரதாயம். சொட்டும் இடத்தில் டேப் ஒட்டாதீர்கள், தண்ணீர் வேறிடம் தேடிச் சுவருக்குள் இறங்கும். அறை குளிர்ந்ததா இல்லையா, குழாய் நுனியில் தண்ணீர் வந்ததா இல்லையா என்னும் இரண்டு விவரங்களை முதலிலேயே சொல்லிவிட்டால், ‘கேஸ் இல்லை’ என்ற வசனம் பெரும்பாலும் கேட்காது.

பீரோவுக்குப் பின்னால்

லீக் நின்றது, பாத்திரம் சமையலறைக்குத் திரும்பியது, நாங்களும் மறந்தோம். புரட்டாசியில் சரஸ்வதி பூஜைக்கு ஒட்டடை அடிக்கும்போது அம்மாவின் அறையில் அவருடைய மர பீரோவை நகர்த்தினோம். அந்த அறையில் ஏசியே கிடையாது. அம்மாவுக்கு அது ஒத்துக்கொள்வதில்லை. ஆனால் பீரோவின் பின்பலகையில், ஆள் உயரத்துக்கு, சாம்பலும் கரும்பச்சையுமாக வட்டம் வட்டமாகப் பூசணம் பூத்திருந்தது. சுவரிலும் அதே வட்டங்கள், கண்ணாடியில் பிம்பம் விழுந்ததுபோல. உள்ளே அடித்தட்டிலிருந்த கூறைப்புடவையின் மடிப்பில் மஞ்சள் புள்ளிகள். அம்மா அதைக் கையில் வாங்கி, பிரிக்காமல், மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மடியில் வைத்துக்கொண்டார். பாச்சா உருண்டைகள் பத்திரமாக இருந்தன. அவை பூச்சிக்குத்தான், பூசணத்துக்கல்ல.

ஏசி இல்லாத அறையில் இது எப்படி வந்தது? மேற்கூரையில் ஓதமில்லை, குழாய்க் கசிவும் இல்லை. விடை நடுச்சுவரில் இருந்தது. எங்கள் அறைக்கும் அம்மாவின் அறைக்கும் இடையே நாலரை அங்குலச் செங்கல் சுவர்தான். எங்கள் பக்கத்தில் இரவெல்லாம் 20 டிகிரி. அம்மாவின் பக்கத்தில் 30 டிகிரிப் புழுக்கம். 30 டிகிரியில் 80 சதவீத ஈரம் சுமந்திருக்கும் காற்று, ஏறக்குறைய 26 டிகிரியிலேயே தண்ணீரை உதிர்க்க ஆரம்பித்துவிடும். சுவர் அதைவிடக் குளிர்ந்திருந்தது. ஒட்டி நின்ற பீரோவோ அந்த அறையின் வெப்பம் சுவரை எட்டவிடாமல் மறைத்து அதை மேலும் குளிரவைத்ததோடு, காற்றையும் புகவிடாமல் நின்றது. எங்கள் சுகத்தின் சர்பத் டம்ளராக அந்தச் சுவர் நான்கு மாதம் அம்மாவின் பக்கம் வியர்த்துக்கொண்டிருந்திருக்கிறது. யாருக்கும் ஒரு ‘டக்’கூடக் கேட்கவில்லை.

பூசணத்தின் வித்துகள் எங்கும் எப்போதும் காற்றில் உண்டு. அவற்றை ஒழிப்பது மனித சாத்தியமன்று. அவற்றுக்கு உணவும் குறைவில்லை: பிளைவுட், காகித முகமுள்ள ஜிப்சம் பலகை, புத்தகம், தோல் செருப்பு, ஏன், காமிரா லென்ஸின்மேல் படிந்த தூசிகூடப் போதும். இல்லாதிருப்பது ஈரம் ஒன்றே. அது கிடைத்தால் முளைவிடும். நனைந்த பொருளை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்திவிட்டால் பெரும்பாலும் பூசணம் பிடிக்காது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் சொல்லும் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் வருவாரென்று புதன்கிழமையிலிருந்து பாத்திரம் மாற்றிக்கொண்டிருக்கும் குடும்பம், அந்தக் கெடுவை வெள்ளிக்கிழமையே தாண்டிவிடுகிறது.

பழைய வீடுகளில் இவ்வளவு தொல்லை இருந்ததில்லை என்று பெரியவர்கள் சொன்னால் அதை வெறும் பழம்பெருமை என்று தள்ளிவிடுவதற்கில்லை. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், விடும். அதன் காரத்தன்மையில் பூசணம் எளிதில் வேரூன்றாது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த கையோடு, பொங்கலுக்கு முன்னால், வீடுதோறும் வெள்ளையடிக்கும் வழக்கத்தைக் கவனியுங்கள். பூசணத்தைக் கருதித்தான் அதை ஏற்படுத்தினார்கள் என்று நான் சாதிக்கவில்லை. ஆனால் பூசணத்தை ஒழிக்க ஒரு தேதி குறிக்கச் சொன்னால் இன்றைய நிபுணரும் அந்தத் தேதியைத்தான் குறிப்பார். நாம் சுண்ணாம்பை விட்டுவிட்டு, புட்டியும் பிளாஸ்டிக் பெயிண்டும் பூசி, முற்றத்தை மூடி, ஜன்னலைக் கண்ணாடியால் அடைத்து, உள்ளே குளிரை நிரப்பினோம். வெள்ளையடிக்கும் வழக்கத்தையும் விட்டோம்.

மூச்சுக்கு வரும் வினை

உலக சுகாதார ஸ்தாபனம் 2009-இல் வீட்டு ஈரத்தையும் பூசணத்தையும் பற்றியே தனியாக ஒரு வழிகாட்டி நூல் வெளியிட்டது. ஈரமும் பூசணமும் உள்ள வீடுகளில் வசிப்போருக்குச் சுவாசத் தொல்லைகளும் சுவாசத் தொற்றும் ஆஸ்துமா உபாதையும் அதிகம் என்பது அதன் முடிவு. இத்தனை பூசணம் வரை இருக்கலாம் என்று அது எந்த அளவும் விதிக்கவில்லை. இருக்கவே விடாதீர்கள் என்றுதான் சொல்லிற்று.

நான் சந்தித்த நுரையீரல் மருத்துவர் அளவோடு பேசினார். எல்லோருக்கும் இதனால் வியாதி வருமென்று பயமுறுத்துவது தவறு. ஆனால் ஆஸ்துமா உள்ளவர்கள், கைக்குழந்தைகள், முதியோர், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்துகளைச் சாப்பிடுபவர்கள் ஆகியோர் உள்ள வீட்டில் அலட்சியம் கூடாது என்றார். அவர் நோயாளிகளிடம் கேட்கும் முதற் கேள்வி, “வெளியூர் போனால் சரியாகிறதா?” என்பதாம். பத்து நாள் ஊருக்குப் போனபோது நின்றிருந்த தும்மலும் இரைப்பும் வீடு திரும்பிய இரவே தொடங்கினால், மருந்துச் சீட்டுக்கு முன் படுக்கையறையைப் பார்க்கவேண்டும். ஏசி போட்டவுடன் முதல் ஐந்து நிமிஷம் வரும் மக்கிய வாடை, ப்ளோயர் உருளையின் இடுக்குகளில் பூசணம் குடியேறியிருப்பதற்கு அறிகுறி. அதன்மேல் பட்டு வரும் காற்றைத்தான் எட்டு மணி நேரம் சுவாசிக்கிறோம். மற்றொன்று: கறுப்புப் பூசணம் என்றால் கொடிய விஷம், வெள்ளை என்றால் சாது என்ற நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. நிறத்தைக் கொண்டு ஜாதி சொல்ல முடியாது. எந்த நிறமானாலும் அகற்ற வேண்டியதே.

துடைப்பது எப்படி?

எங்கள் வீட்டுக்கு வந்த பெயிண்டர் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, “இப்ப அடிக்க மாட்டேன் சார். ஓதம் காயாம அடிச்சா பெயிண்ட் நிக்காது, என் பேருதான் போகும்” என்று சொல்லி மூன்று வாரம் தவணை கேட்டார். இப்படிப்பட்டவர் கிடைத்தால் விடாதீர்கள். பூசணத்தின்மேல் பெயிண்ட் அடிப்பது புண்ணின்மேல் பட்டுத்துணி சுற்றுவது. உப்பிய புட்டியைச் சுரண்டிச் சிமென்ட் பூச்சு தெரியும்வரை எடுத்து, பகலில் ஜன்னலைத் திறந்தும் இரவில் மின்விசிறியை ஓட்டியும் உலர்த்தி, அதன்பிறகே பூசண எதிர்ப்பு மருந்தும் பிரைமரும் பெயிண்டும். அடைமழை நாளில் ஜன்னலைத் திறந்துவைத்தால் உலராது. வெளியிலிருந்து இன்னும் ஈரம்தான் வரும்.

சுமார் 10 சதுர அடிக்கு உட்பட்ட பூசணத்தை வீட்டாரே சுத்தம் செய்யலாம். மூக்குக்கு நல்ல மாஸ்க், கைக்கு ரப்பர் உறை, கண்ணுக்குக் கண்ணாடி அவசியம். காய்ந்த பூசணத்தைத் துடைப்பத்தால் தட்டுவது, ஊதுவது, மின்விசிறிக்குக் கீழே வைத்துத் துடைப்பது எல்லாம் வித்துகளை வீடு முழுதும் விதைப்பதாகும். சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுத்து, துணியை எறிந்துவிடுங்கள். டைல்ஸ், கண்ணாடி, எஃகு போன்றவை தப்பும். உள்ளே வரை ஊறிய பிளைவுட்டும் ஜிப்சமும் மெத்தையும் தப்பா. அவற்றின்மேல் பரிதாபம் காட்டுவது பணநஷ்டத்தை ஒத்திப்போடுவதுதான். அம்மாவின் பீரோ தேக்கு. இரண்டு நாள் மொட்டைமாடி வெயிலில் நின்றது, பிழைத்தது. புடவையின் மஞ்சள் புள்ளிகள் போகவில்லை.

> பெட்டிச் செய்தி: உயிருக்கு ஆபத்து
>
> பிளீச்சிங் பவுடரையோ பிளீச் திரவத்தையோ டாய்லெட் ஆசிட்டுடனும் வினிகருடனும் ஒருபோதும் கலக்காதீர்கள். குளோரின் வாயு எழும்பும். அமோனியா உள்ள கண்ணாடித் துடைப்பானுடனும் கலக்கலாகாது. ஏசியின் சுருளுக்குப் பிளீச்சே வேண்டாம். அலுமினியத் தகடுகள் அரித்துப்போகும்.

மேல் வீடும் கீழ் வீடும்

மணிக்கு ஒரு லிட்டர் என்பது என் வீட்டுக்குச் சிறு தொகை. பன்னிரண்டு வீட்டு ஏசிகள் ஒரே சுவர்ப்பக்கம் இறக்கும்போது அது ஓடை. தொங்கும் குழாயிலிருந்து கீழ்வீட்டுச் சன்ஷேடில் விழும் தண்ணீர் தெறித்து, சுவரில் பாசியாகி, வெடிப்பில் புகுந்து, உள்ளே ஓதமாகிறது. எங்கள் சங்கத்துச் செயலாளர் சொன்ன தீர்வு எளியது: ஒவ்வொரு வரிசைக்கும் மேலிருந்து கீழ்வரை ஒரு பொதுக்குழாய், அதில் எல்லா ட்ரெயினும் சேரும். பத்து வருஷச் சண்டை, மொத்தச் செலவு ஒரு ஏசியின் விலைகூட இல்லை என்று வருத்தத்தோடு சிரித்தார். சேரும் தண்ணீரைத் தரை துடைக்கவும் கழிவறைக்கும் பயன்படுத்தலாம். குடிக்கத் தகாது, தூசியும் உலோகமும் கிருமியும் கலந்தது. இன்வெர்ட்டர் பேட்டரிக்கும் வேண்டாம்.

வாடகைக் குடித்தனக்காரர்களின் நிலை பரிதாபம். வீட்டைக் காலிசெய்யும்போது பெயிண்டுக்கென்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடித்துக்கொள்வது சென்னையில் எழுதாத சட்டம். சுவரில் பூசணம் கண்டால் அது இரண்டு மாதமாகலாம். புதைத்த குழாயின் சரிவு தவறியிருந்தால் அது கட்டியவருடைய பிழை, குடியிருப்பவருடைய பிழையன்று. முதல் ஈரக்கறை தெரிந்த அன்றே தேதியோடு படமெடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். ஏசி சர்வீஸுக்கும் இது பொருந்தும்: பில் வாங்குங்கள், அதில் என்ன வேலை என்று எழுதச் சொல்லுங்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாட்டுக்கு நிவாரணம் கேட்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பில் இல்லாதவருக்கு அந்தக் கதவு எளிதில் திறவாது. முதல் மெக்கானிக்கிடம் நான் பில் வாங்கவில்லை.

ஈரத்தின் வரவு செலவு

இனி வராமல் தடுப்பது. 2020 ஜனவரி முதல் இந்தியாவில் நட்சத்திரக் குறியீடு பெற்று விற்கப்படும் அறை ஏசிகள், ஆன் செய்தவுடன் 24 டிகிரியில் நிற்குமாறு அமைக்கப்பட வேண்டும் என்பது விதி. ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்பது எரிசக்தித் திறன் பணியகத்தின் கணக்கு. மின்கட்டணத்துக்காக மட்டும் அதைச் சொல்கிறார்களென்று நான் நினைத்திருந்தேன்; இப்போது நடுச்சுவருக்காகவும் 25-இல் வைத்து மின்விசிறியைச் சுழலவிடுகிறேன். பீரோ சுவரிலிருந்து நாலு அங்குலம் தள்ளி நிற்கிறது.

சிறிய அறைக்குப் பெரிய ஏசி வாங்குவது கௌரவமென்று எண்ணுவோர் உண்டு. பெரிய ஏசி காற்றைச் சட்டென்று குளிர்வித்துவிட்டு, ஈரத்தைப் பிழிவதற்கு முன்பே ஓய்ந்துவிடும். அறை குளிராக இருந்தும் பிசுபிசுக்கும், வடாம் நமுத்துப்போகும். மழைக்காலத்தில் ரிமோட்டிலுள்ள ‘டிரை’ பொத்தானைப் பயன்படுத்துங்கள். அது இருப்பதே பலருக்குத் தெரியாது. ஏசி ஈரத்தை எப்படி உறிஞ்சுகிறதென்பதை மார்கழிக் கச்சேரிகளில் கண்டிருப்பீர்கள்: குளிரூட்டிய சபாவில் மிருதங்க வித்வான் உருப்படிக்கு உருப்படி கல்லும் புள்ளுமாய்த் தட்டிச் சுருதி சேர்த்துக்கொண்டிருப்பார். மேடையில் தோலுக்கு நேர்வது வீட்டில் நம் நன்மைக்காக நேரவேண்டும். காற்றின் ஈரத்தைக் காட்டும் சிறு டிஜிட்டல் கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அறையில் 60 சதவீதத்துக்குக் கீழே இருக்கப் பாருங்கள். ஈரத்துணியை ஏசி அறையில் உலர்த்தினால் அந்த எண் கண்ணெதிரே ஏறும்.

காலையில் அறையை விட்டுப் போகுமுன் ஏசியைக் குளிர்ச்சியிலிருந்து ‘ஃபேன்’ நிலைக்கு மாற்றி, ஜன்னலைத் திறந்து, அரை மணி ஓடவிட்டால் உள்ளே சுருள் உலரும். சில புதிய ஏசிகள் இதைத் தாமே செய்கின்றன. பில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குழாயடியில் கழுவுங்கள். வருஷத்துக்கு இரண்டு சர்வீஸ்: பங்குனியில் ஒன்று, மழைக்கு முன் ஒன்று, அந்த இரண்டு தடவையும் ப்ளோயரையும் ட்ரேயையும் கழற்றிக் கழுவச் சொல்லுங்கள், வெளியிலிருந்து நீர் பீய்ச்சுவதோடு திருப்தியடைய வேண்டாம். கடைசியில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

அதுவரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. இன்றிரவு ஏசி ஓடத் தொடங்கி ஒரு மணி நேரம் கழித்து, பால்கனிக்குப் போய்க் குழாயின் நுனியைப் பாருங்கள். இந்தப் புழுக்கத்தில் அங்கே சொட்டு விழாவிட்டால், அந்தத் தண்ணீர் உங்கள் வீட்டுக்குள் வேறெங்கோ போய்க்கொண்டிருக்கிறது.